சென்சரை மாற்றியும் என்ஜின் லைட் ஏன் திரும்ப வந்தது?

கேள்வி: எங்களிடம் 2013ஆம் ஆண்டு டொயோட்டா அக்சியோ இருக்கிறது, ஹைபிரிட் இல்லை. மூன்று மாதங்களுக்கு முன் என்ஜின் லைட் எரிந்தது. கராஜில் ஸ்கேன் பண்ணிப் பார்த்து பி 0171 என்றார்கள். ஒக்சிஜன் சென்சர் பழுது என்று சொல்லி 48,000 ரூபாவுக்கு மாற்றித் தந்தார்கள். லைட் போனது, பத்து நாளில் திரும்பவும் வந்துவிட்டது. மறுபடி கொண்டுபோனால் இப்போது பி 0420உம் சேர்ந்து காட்டுகிறதாம். கற்றலிக் கன்வேர்ட்டர் போய்விட்டது, ரீகண்டிஷன் ஒன்று போடவே ஒன்றரை இலட்சத்துக்கு மேல் ஆகும் என்கிறார்கள். சிக்னலில் ஏசி போட்டுக்கொண்டு நிற்கும்போது கார் லேசாக நடுங்குகிறது. அடுத்த மாதம் புகைப் பரிசோதனை செய்து வாகன வருமான அனுமதிப் பத்திரம் புதுப்பிக்க வேண்டும். பிள்ளைகளின் விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போகவும் நினைத்திருக்கிறோம். கராஜில் தந்த ஸ்கேன் தாளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கன்வேர்ட்டரை மாற்றத்தான் வேண்டுமா? நாங்களே ஒரு ஸ்கேனர் வாங்கி வைத்தால் நல்லதா?
– வெள்ளவத்தை வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

கன்வேர்ட்டருக்கு, அதாவது சைலன்சர் வழியாகப் போகும் புகையைச் சுத்தமாக்கும் அந்தப் பாகத்துக்கு, இப்போது ஒரு சதமும் கொடுக்காதீர்கள். நீங்கள் அனுப்பிய தாளிலேயே பாதிப் பதில் இருக்கிறது. அதை யாரும் வாசிக்கவில்லை என்பதுதான் எனக்குக் கவலை.

முதலில் பி 0171 என்ன சொல்கிறது என்று பார்ப்போம். பெற்றோல் என்ஜினில் எடைக்கு எடை ஏறக்குறைய 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெற்றோல் என்ற கணக்கில் கலவை எரிய வேண்டும். எரிந்தபின் சைலன்சர் வழியாகப் போகும் புகையில் எவ்வளவு ஒக்சிஜன் மிச்சம் என்பதை முன் சென்சர் பார்த்துக் கணினிக்குச் சொல்கிறது. மிச்சம் கூடினால் கணினி பெற்றோலைக் கொஞ்சம் கூட்டும். அப்படியும் சரிவராவிட்டால் இன்னும் கூட்டும். கூட்டிக் கூட்டித் தன் எல்லைக்கு வந்த பிறகுதான் ‘கலவையில் காற்று அதிகம், என்னால் சமாளிக்க முடியவில்லை’ என்று பி 0171ஐப் பதிந்து லைட்டைப் போடுகிறது. அதாவது உங்கள் சென்சர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. அதை மாற்றியது, பொலிஸில் முறைப்பாடு கொடுக்கப் போனவரையே பிடித்து உள்ளே வைத்த மாதிரி.

பி 0171 போன்ற கோட், அதாவது கோளாறு இலக்கம், ஒரு பாகத்தின் பெயர் அல்ல. கணினி எதைக் கண்டது என்பதைத்தான் அது சொல்கிறது. ஏன் அப்படி ஆனது என்று அதற்குத் தெரியாது. இந்த பி 0171க்குக் காரணம் ஒரு சிறிய ஹோஸ் வெடிப்பாக இருக்கலாம், அழுக்கேறிய காற்றளவு சென்சராக இருக்கலாம், தளர்ந்த பெற்றோல் பம்பாகவும் இருக்கலாம். ஒக்சிஜன் சென்சரும் அந்த வரிசையில் உண்டு, ஆனால் கடைசிப் பக்கத்தில்.

“அப்படியென்றால் சென்சர் மாற்றியதும் லைட் ஏன் போனது?” என்று கேட்பீர்கள். பாகத்தைப் போட்ட பிறகு கணினியில் இருந்த கோட் பதிவை அழித்திருப்பார்கள். அழிக்கும்போது, கணினி அதுவரை கூட்டிப் பழகிய பெற்றோல் கணக்கும் வழக்கமாகப் பூச்சியத்துக்குப் போய்விடும். திரும்பவும் முதலிலிருந்து கூட்டிக்கொண்டு வர வேண்டும். எல்லையைத் தொட்டாலும் இந்தக் கோட் ஒரே ஓட்டத்தில் லைட்டைப் போடாது. அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறைக் கண்டால்தான் போடும். வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டி வரை பள்ளிக்கூடத்துக்குப் போய்வரும் குறுகிய ஓட்டத்தில் இதெல்லாம் நடக்கப் பத்து நாள் எடுத்திருக்கிறது. புதுச் சென்சர் போடாமல் கோடை மட்டும் அழித்திருந்தாலும் அதே பத்து நாள் லைட் அணைந்துதான் இருந்திருக்கும்.

இனி உங்கள் தாளுக்கு வருகிறேன். மேலே கோட்கள் இரண்டு. அவற்றுக்குக் கீழே ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ என்ற தலைப்பில் ஒரு பத்துப் பன்னிரண்டு வரிகள் இருக்கின்றன அல்லவா? கோளாறு பதிவான அந்தக் கணத்தில் என்ஜின் எந்த நிலையில் இருந்தது என்பதைக் கணினி பிடித்து வைத்த படம் அது. உங்கள் தாளில் வேகம் 0. என்ஜின் சுற்று 700க்குச் சற்று மேல். தண்ணீர்ச் சூடு 88 பாகை. ‘லோங் டேர்ம் ஃபியூவல் ட்ரிம்’ என்ற வரியில், அதாவது கணினி கூட்டிப் பழகிய பெற்றோல் கணக்கில், +23 சதவீதம்.

கார் நன்றாகச் சூடேறி, எங்கோ நெரிசலில் நின்றுகொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் கணினி வழக்கத்தைவிட 23 சதவீதம் கூடுதலாகப் பெற்றோல் ஊற்றிக்கொண்டிருக்கிறது. நல்ல என்ஜினில் இந்தக் கணக்கு பூச்சியத்தை ஒட்டி, கூட்டியோ குறைத்தோ 10க்குள் நிற்கும். நிற்கும்போது இப்படி ஏறுவதும், நீங்கள் சொன்ன சிக்னல் நடுக்கமும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகின்றன. எயார் ஃபில்டரைத் தாண்டி, காற்றளவு சென்சருக்குத் தெரியாமல் வேறு வழியாகக் காற்று உள்ளே போகிறது என்பதுதான் என் முதல் சந்தேகம்.

காரணம் எளிய கணக்கு. 1500 சிசி என்ஜின் சும்மா நிற்கும்போது வினாடிக்கு ஏறக்குறைய 2 கிராம் காற்றைத்தான் இழுக்கும். எங்கோ ஒரு வெடிப்பு வழியே அதற்கு மேல் 0.4 கிராம் திருட்டுத்தனமாக வந்தால் அது ஐந்தில் ஒரு பங்கு. கணினி 20 சதவீதம் பெற்றோலைக் கூட்டியாக வேண்டும். அதே என்ஜினை 2500 சுற்றுக்கு ஏற்றினால் அது இழுக்கும் காற்று பல மடங்காகிவிடும், அந்த 0.4 பெரிதாகத் தெரியாது, ட்ரிம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடும். ஆகவே கராஜில் செய்யவேண்டிய முதல் சோதனைக்குக் காசே இல்லை: ஸ்கேனரை மாட்டி, என்ஜினைச் சூடாக்கி, நிற்கும்போது ட்ரிம் எவ்வளவு என்று பார்ப்பது. பிறகு 2500இல் ஒரு நிமிடம் பிடித்து மீண்டும் பார்ப்பது. மேலே ஏற்றியதும் இறங்கினால் காற்றுக் கசிவு. நிற்கும்போது நன்றாக இருந்து, ஓட்டத்தில் பாரம் ஏறும்போது கூடினால் பெற்றோல் போதவில்லை, அல்லது காற்றளவு சென்சர் குறைத்துச் சொல்கிறது. இந்த இரண்டு எண்களையும் பார்க்காமல் எந்தப் பாகத்தையும் கழற்றக்கூடாது.

கசிவு என்று தெரிந்தால் அடுத்தது ஸ்மோக் டெஸ்ட். என்ஜினை நிறுத்திவிட்டு, எயார் ஃபில்டரிலிருந்து வரும் குழாயை அடைத்து, மிகக் குறைந்த அழுத்தத்தில் வெள்ளைப் புகையை உள்ளே விடுவார்கள். எங்கே ஓட்டை உண்டோ அங்கே புகை நூல் மாதிரிக் கிளம்பும்; டோர்ச் அடித்துப் பார்த்தால் யாருக்கும் தெரியும். பக்கத்தில் நின்று பாருங்கள். இந்தச் சோதனைக்கு மூன்று மொழியிலும் ‘ஸ்மோக் டெஸ்ட்’ என்றுதான் சொல்கிறார்கள், கேட்கக் கூச்சப்பட வேண்டாம். சிலர் என்ஜின் ஓடும்போதே கார்பரேட்டர் கிளீனரை அங்கங்கே பீச்சி, சுற்று மாறுகிறதா என்று பார்ப்பார்கள். சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் அது தீப்பிடிக்கும். புகை மெஷின் உள்ள இடத்துக்கே போங்கள்.

எங்கே கசியும்? என் அனுபவத்தில் இந்த வயதுக் கார்களில் அதிகம் அகப்படுவது பிசிவி ஹோஸ், அதாவது என்ஜினுக்குள் சேரும் ஆவியை, காற்று உள்ளே போகும் வழியான இன்டேக்குக்குத் திருப்பிவிடும் வளைந்த ரப்பர் குழாய். மேலிருந்து பார்த்தால் நல்ல கறுப்பாக, முழுதாக இருக்கும். கையால் பிடித்து லேசாக மடக்கினால்தான் வளைவின் அடிப்பக்கத்தில், விரல் நக நீளத்துக்கு, வெடிப்பு வாய் திறக்கும். உள்ளே எண்ணெய் ஊறி ரப்பர் பிசுபிசுத்திருக்கும். கண்ணால் மட்டும் பார்த்து “ஹோஸ் எல்லாம் ஓகே” என்று சொன்னால் நம்பாதீர்கள். மடக்கிப் பார்த்தார்களா என்று கேளுங்கள். எயார் ஃபில்டருக்கும் த்ரொட்டிலுக்கும் நடுவில் உள்ள மடிப்புக் குழாயிலும் இதே கதைதான், வெடிப்பு மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். அதற்கு அடுத்தபடி இன்டேக் மனிஃபோல்ட் கேஸ்கட், இன்ஜெக்டர் அடியில் உள்ள ஓ-ரிங். இவை இரண்டும் காலையில் குளிர்ந்த என்ஜினில் கூடுதலாகக் கசிந்து, சூடானதும் அடைபடும். ஆதலால் காரை முதல் நாள் இரவே கராஜில் விட்டுவிடுவது நல்லது. பெற்றோல் டாங்கின் ஆவியை இழுக்கும் பேர்ஜ் வால்வு திறந்தபடி சிக்கியிருந்தாலும் நிற்கும்போது கலவை குழம்பும். அதன் ஹோஸை ஒரு நிமிடம் நசுக்கிப் பிடித்தால் ட்ரிம் அசைகிறதா இல்லையா என்பதில் விடை கிடைத்துவிடும்.

இன்னொரு குழாய் பிரேக் பூஸ்டருக்குப் போகிறது. அது வெடித்தாலும் இதே பி 0171தான் வரும். பிரேக் பெடல் வழக்கத்தைவிடக் கல்லாக இருக்கிறதா, மிதிக்கும்போது ‘ஸ்ஸ்’ என்று சத்தம் வருகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அப்படி இருந்தால் காரை ஓட்டாதீர்கள், ஆளை வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.

எங்கள் ஊர்க் கார்களில் இந்த ரப்பர்த் தொல்லை அதிகமாகிவிட்டதற்குக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. சொந்தப் பாவனைக்கான கார்கள் திரும்ப வரத் தொடங்கியது 2025 பெப்ரவரிக்குப் பிறகு. அந்த ஐந்து வருடமும் இருந்த கார்களையே வைத்து ஓட்டினோம். பத்துப் பன்னிரண்டு வருட ரப்பர், கொழும்பு வெயில், காலி வீதி நெரிசலில் பொனட்டுக்குள் தேங்கும் சூடு எல்லாம் சேர்ந்தால் குழாய்கள் காய்ந்து வெடிக்கத்தான் செய்யும். கடற்கரைப் பக்கம் நிறுத்தும் கார்களுக்கு உப்புக் காற்று வேறு. மரைன் டிரைவ் பக்கத்திலிருந்து வரும் கார்களில் கனெக்டரைக் கழற்றினால் பின்களில் பச்சை பூத்திருப்பதை நான் அடிக்கடி காண்கிறேன். அப்படிப்பட்ட காரில் தொடர்பே இல்லாத நாலைந்து கோட்கள் ஒன்றாக வரும். அப்போது முதலில் பார்க்கவேண்டியது பற்றரி வோல்ட்டும் ஏர்த் வயரும்தான்: என்ஜினை நிறுத்தி ஆறவிட்ட பிறகு 12.6ஐ ஒட்டியும், ஓடும்போது 13.5க்கு மேலும் இருக்க வேண்டும். எலி கடித்த வயரும் அப்படித்தான் பல கோட்களைக் கிளப்பும். உங்கள் தாளில் அந்தச் சிக்கல் இல்லை.

ஸ்மோக் டெஸ்டில் ஒன்றும் அகப்படாவிட்டால் காற்றளவு சென்சருக்குப் போகலாம். எயார் ஃபில்டர் பெட்டியில் இரண்டு ஸ்க்ரூவில் நிற்கும். அதற்கென்றே விற்கும் கிளீனரை மட்டும் பீச்சிக் காயவிட வேண்டும். உள்ளே உள்ள மெல்லிய கம்பியைத் துணியால், பஞ்சால் தொடவே கூடாது. அதற்கும் அடங்காவிட்டால் பெற்றோல் அழுத்தத்தை கேஜ் போட்டு அளக்க வேண்டும். உங்கள் என்ஜினுக்கு 44 முதல் 50 பி.எஸ்.ஐ. வரை இருப்பது சரி. எப்போதும் டாங்கின் அடியிலேயே வைத்து ஓட்டும் பழக்கம் இருந்தால் அதை விடுங்கள். பம்ப் டாங்குக்குள்தான் இருக்கிறது, அதைக் குளிர வைப்பது பெற்றோல்தான்.

இப்போது பி 0420. கன்வேர்ட்டருக்கு முன்னால் ஒரு சென்சர், பின்னால் ஒரு சென்சர். கன்வேர்ட்டர் வேலை செய்தால் முன்னால் கலவை எப்படி ஏறி இறங்கினாலும் பின் சென்சரின் வோல்ட் பெரிதாக ஆடாமல் நிற்கும். பின் சென்சர் அடிக்கடி மேலும் கீழும் ஆடத் தொடங்கினால் ‘கன்வேர்ட்டரின் திறன் குறைவு’ என்று கணினி முடிவு கட்டுகிறது. ஆனால் அந்தக் கணக்கு, கலவை சரியாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் போடப்படுகிறது. சைலன்சர் குழாயில் பின் சென்சருக்கு முன்னால் சிறு ஓட்டை இருந்தாலும், புதிதாகப் போட்ட சென்சர் தவறான வகையாக இருந்தாலும் பி 0420 வரலாம். கலவைக் கோடும் கன்வேர்ட்டர் கோடும் சேர்ந்து வந்தால் கலவையை முதலில் சரிசெய்ய வேண்டும். அதன் பிறகு இரண்டு கோடையும் அழித்து, இரண்டு வாரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். பி 0420 தனியாகத் திரும்பி வந்தால்தான் கன்வேர்ட்டரைச் சந்தேகிக்கலாம்.

அப்போதும்கூட, அது ஏன் செத்தது என்று கேளுங்கள். மிஸ்ஃபயர் (என்ஜினுக்குள் பெற்றோல் சரியாக எரியாமல் போவது), எண்ணெய் எரிதல், நெடுநாள் கெட்ட கலவை, இவற்றில் ஒன்றுதான் வழக்கமாகக் கன்வேர்ட்டரைக் கொல்கிறது. காரணத்தை விட்டுவிட்டுப் புதிது போட்டால் அதுவும் அதே வழியில் போகும். ரீகண்டிஷன் கன்வேர்ட்டர் என்பது ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்த காரிலிருந்து வருவது. உள்ளே எவ்வளவு உயிர் மிச்சம் என்று பஞ்சிகாவத்தையில் எந்தக் கடைக்காரராலும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. உங்கள் பழைய கன்வேர்ட்டரையோ விலை கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது, ஏனென்றால் உள்ளே பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூச்சு இருக்கிறது. எந்தக் காரணத்துக்காகக் கழற்றினாலும் பழையது உங்களுடையது, அதை உங்கள் கையில் தரச் சொல்லுங்கள். “உள்ளே உள்ளதை உடைத்து எடுத்துவிட்டால் கார் நன்றாக இழுக்கும்” என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். அந்தப் புகையைச் சுவாசிப்பது உங்கள் பிள்ளைகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும்தான்.

புகைப் பரிசோதனைக்குப் பயப்பட வேண்டாம். பெற்றோல் காரில் அங்கே அளப்பது சைலன்சர் வழியே வரும் வாயுவை: கார்பன் மொனொக்சைட்டும் எரியாத ஹைட்ரோகார்பனும். பரிசோதனைக்கு முதல் நாள் கோட் பதிவை அழிப்பதால் அந்த வாயு மாறப்போவதில்லை. கலவை சரியானால் அளவும் சரியாக வர வாய்ப்பு அதிகம். ஆகவே கசிவை இந்த வாரமே பாருங்கள். பிறகு ஒரு வாரம் ஓட்டி, என்ஜின் நல்ல சூட்டில் இருக்கும்போது பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள்.

ஸ்கேனர் வாங்கலாமா? வாங்கலாம், விலை குறைந்த புளூடூத் வகையே போதும். ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் படும் பக்கத்தில் 16 பின் உள்ள சொக்கட் இருக்கிறது. அதில் மாட்டி போனில் பார்க்கலாம். ஜப்பானுக்கென்றே செய்த கார்களில் சில எண்களை இந்த மலிவு வகை காட்டாது, ஏபிஎஸ், ஏர்பேக் பக்கம் போகாது. பரவாயில்லை, உங்களுக்கு வேண்டியது ஒன்றுதான்: லைட் எரிந்த அன்றே, யாரும் எதையும் அழிக்கும் முன், கோடையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் படம் எடுத்து வைப்பது. பற்றரியைக் கழற்றினாலும் அந்தப் பதிவு போய்விடும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பார்த்து முடிந்ததும் ஸ்கேனரைக் கழற்றி எடுங்கள். மாட்டியபடி நாட்கணக்கில் விட்டால் பற்றரியை இழுத்துவிடும்.

கராஜ்காரர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டு மணித்தியாலம் செலவழித்து ஹோஸ் ஹோஸாக மடக்கிப் பார்த்து, கடைசியில் ஒரு சிறு குழாயை மாற்றிவிட்டுக் கூலி கேட்டால், “இந்தக் குழாய்க்கா இவ்வளவு?” என்று சண்டைக்கு வருகிறோம். 48,000 ரூபாப் பாகத்துக்கு மறுபேச்சில்லாமல் கொடுக்கிறோம். கண்டுபிடிப்பதற்குக் காசு கொடுக்காத ஊரில் பாகத்தை மாற்றிப் பார்ப்பதுதான் தொழிலாகிவிடும். ஆகவே போகும்போதே சொல்லுங்கள்: “கோளாறைக் கண்டுபிடிக்க எவ்வளவு என்று தனியாகச் சொல்லுங்கள், தருகிறேன். ஆனால் எந்தப் பாகத்தையும் மாற்றும் முன், அதுதான் பழுது என்று எனக்குக் காட்ட வேண்டும்.” நல்ல மெக்கானிக் இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார். முகம் சுளிப்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

யாழ்ப்பாணப் பயணம்: லைட் ஆடாமல் எரிந்துகொண்டிருக்கும்வரை கொழும்புக்குள் நிதானமாக ஓட்டலாம். 400 கிலோமீற்றர் பயணத்தைக் கசிவு அடைபட்ட பிறகு வையுங்கள். எப்போதாவது அந்த லைட் விட்டுவிட்டு மின்னத் தொடங்கினால் அது மிஸ்ஃபயர். எரியாத பெற்றோல் கன்வேர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். ஓரமாக நிறுத்தி என்ஜினை அணையுங்கள். தெஹிவளையில் இருந்தாலும் சரி, வவுனியாவில் இருந்தாலும் சரி, ‘கொஞ்சத் தூரம்தானே’ என்று ஓட்ட வேண்டாம்.

கடைசியாக, கழற்றிய பழைய சென்சரைக் கேட்டு வாங்குங்கள். அதன் உடலில் பொறித்த இலக்கத்தையும் புதிதாகப் போட்டதன் இலக்கத்தையும் ஒப்பிடச் சொல்லுங்கள். பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும், சாதாரண ஒக்சிஜன் சென்சர் வேறு, காற்று-எரிபொருள் விகித சென்சர் வேறு. ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டால் கணினிக்குக் கிடைக்கும் கணக்கே பிழை. இலக்கங்கள் ஒத்துவராவிட்டால் பில்லோடு போய் மாற்றித் தரச் சொல்லுங்கள். ஒத்துவந்து, கசிவும் வேறிடத்தில் அகப்பட்டால், பழைய சென்சரை எறிய வேண்டாம். அது நல்ல சென்சராகத்தான் இருக்கும். டாஷ்போர்டில் பத்திரமாக வையுங்கள்.